இடைவெளி விடாத பெட்டி

மேடையில் எனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட முதல் பாடம், மூச்சை மறைப்பது. நீண்ட வாக்கியத்தின் நடுவில் பேச்சாளன் எந்த இடத்தில் மூச்சு வாங்கினான் என்பது முன்வரிசையில் அமர்ந்திருப்பவருக்குக்கூடத் தெரியக் கூடாது. பள்ளியிலும் பிறகு தருமபுரியில் கல்லூரியிலும் நான் அப்படித்தான் பேசினேன். ஒலிபெருக்கி பழுதான நாட்களில் அது இல்லாமலே பேசிக் கடைசி வரிசையைக் கைதட்ட வைத்திருக்கிறேன். ஆகவே என் வாக்கியங்கள் குறுகத் தொடங்கியபோது அதை நோய் என்று நான் எண்ணவில்லை. நடை முதிர்ந்துவிட்டது என்று எண்ணினேன். ஒரு போட்டியின் நடுவர், "இப்பத்தான் தம்பி சுருக்கமாப் பேசக் கத்துக்கிட்டே" என்று பாராட்டி முதல் பரிசையும் கையில் கொடுத்தார். அவர் பாராட்டியது என் இதயத்தின் வால்வு ஒன்று சுருங்கியிருந்ததை என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இதை எழுதும் இன்று என் நெஞ்சின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு தழும்பு இருக்கிறது. குரல் முக்கால்வாசி திரும்பியிருக்கிறது. இதய அறுவைக்குப் பிறகு கம்பிகளோடும் ஒரு சிறு பெட்டியோடும் படுக்கப்போகிறவர்களுக்கும், அவர்களுடைய கட்டிலருகே நிற்கப்போகிறவர்களுக்கும் நடந்ததைச் சொல்லிவைக்கலாம் என்று தோன்றியது. மேடையில் வாதாட எனக்கு எப்போதும் ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டிருக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை.

நோயை முதலில் கண்டவர் அம்மா. இரண்டு தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது என்பதை அவர் கவனித்திருந்தார். பாலக்கோட்டுக்கு அருகில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம், பெரும்பாலும் தக்காளி. அறுவடை நாளில் தக்காளி நிறைந்த பிளாஸ்டிக் கிரேட் ஒன்றைத் தூக்கி டிராக்டரில் வைத்துவிட்டு நான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா அருகில் வந்து, "பேசிப்பேசி ஒடம்ப கெடுத்துக்கினியா? நாளைக்கே ஆஸ்பத்திரி போறோம்" என்றார். அப்பா டிராக்டரின் மறுபக்கத்திலிருந்து, "வேல செய்யச் சொன்னா மட்டும் பேச்சாளருக்கு மூச்சு வாங்குது" என்றார். அதுதான் அவர் என்னைக் கேலி செய்த கடைசி வாக்கியம். அதன் பிறகு இன்றுவரை ஒன்றும் வரவில்லை.

தருமபுரியில் எக்கோ எடுத்தார்கள். நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவி, ஒலி அலைகளால் இதயத்தைத் திரையில் காட்டும் சோதனை அது, வலி இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"சின்ன வயசுல இவருக்குக் காய்ச்சலோட முட்டியெல்லாம் வீங்குச்சாம்மா?"

"நாலாவது படிக்கச்சொல்ல வந்துச்சுங்க. ஒரு முட்டி சரியானா இன்னொரு முட்டி வீங்கும். ஊசி போட்டாங்க, சரியாப் போச்சுங்க."

"மூட்டு சரியாயிடுச்சு. இதயத்துல நின்னுபோச்சு."

தொண்டைப் புண்ணில் தொடங்கி, மூட்டுகளில் வீக்கமாக வந்து, வால்வுகளில் தழும்பாகத் தங்கிவிடும் காய்ச்சல் அது. என் இதயத்தின் இடப்பக்கம், மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவில் இருக்கும் ஈரிதழ் வால்வு ஆண்டுக்கணக்கில் தடித்து, ஒட்டி, ஒரு பொத்தான் துளை அளவுக்குச் சுருங்கியிருந்தது. கீழே இறங்க வழியில்லாத இரத்தம் மேல் அறையை ஊதிப் பெரிதாக்கியிருந்தது. சேலத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஒரு பெரிய மருத்துவமனையில் பழைய வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு பொருத்துவது என்று முடிவாயிற்று. காப்பீட்டு அட்டை பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது. ஏற்காததை அப்பா எப்படிச் சமாளித்தார் என்பதை, வீடு திரும்பிய பிறகு மாட்டுக் கொட்டகையில் ஒரு முளைக்குச்சி வெறுமையாக நிற்பதைப் பார்த்துத்தான் அறிந்துகொண்டேன்.

மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் எல்லோரும் ஒரே திசையைப் பார்த்து அமர்ந்திருப்பார்கள். மேடைக்குப் பழகிய என் கண்ணுக்கு அது ஒரு நல்ல அவையாகவே தெரிந்தது. ஆனால் அங்கே யாரும் பேச்சைக் கேட்க வரவில்லை. தங்கள் பெயரைக் கேட்க வந்திருந்தார்கள். "மாதேஷ், மாதையன் மகன்" என்று ஒலித்தபோது நான் எழுவதற்கு முன் அப்பா எழுந்துவிட்டார்.

அறுவைக்கு முந்தைய நாள், வார்டுக்குப் பொறுப்பான டாக்டரம்மா எங்கள் மூவரையும் அமரவைத்து நடக்கப்போவதை விளக்கினார். பெட்டியைப் பற்றி நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான்.

அறுவை முடியும் தறுவாயில் இதயத்தின் மேற்பரப்பில் நூல் போன்ற மெல்லிய கம்பிகளைத் தைத்துவிடுவார்கள். கம்பிகளின் மறுமுனை நெஞ்சுக்குழிக்குக் கீழே தோலின் வழியாக வெளியே வந்து, கையடக்கமான ஒரு பெட்டியில் சேரும். அந்தப் பெட்டி சிறுசிறு மின்துடிப்புகளை அனுப்ப, இதயம் அதற்கேற்பத் துடிக்கும். பேஸ்மேக்கர் என்றால் உடலுக்குள் நிரந்தரமாக வைக்கும் கருவியைத்தான் பலரும் நினைப்பார்கள். இது சில நாட்களுக்கு மட்டும் வெளியே தொங்கும் பேஸ்மேக்கர். வீட்டுக்கு அனுப்பும் முன் கம்பிகளை உருவிவிடுவார்கள்.

"அவனுக்குத் தானா துடிக்காதாங்களா?" என்று அப்பா கேட்டார்.

"துடிக்கும். ஆனா மேல் அறை ரொம்ப பெருசாயிருக்கு, அதுல கத்தியும் படப்போகுது. ஆபரேஷன் முடிஞ்ச ரெண்டாவது நாள், மூணாவது நாள்ல கண்ட இடத்துல இருந்து கரண்ட் கிளம்பும். கிளம்புனா மேல் அறை துடிக்காது, நடுங்கும். அது வராம இருக்கத்தான் பெட்டிய அவரோட சொந்தத் துடிப்பை விட கொஞ்சம் வேகமா ஓட விடறோம். வராதுன்னு சத்தியம் பண்ண முடியாது. வர்ற வாய்ப்பு குறையும்."

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று அதற்குப் பெயர். மேலறை நடுக்கம் என்று நான் எழுதுகிறேன்.

கூச்சல் மிகுந்த மண்டபங்களில் பேசிப் பழகியவனுக்கு அது உடனே விளங்கியது. அன்று மாலை அப்பாவுக்கு என் மொழியில் விளக்கினேன். இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே பேச்சாளன் இடைவெளி விட்டால், அந்த இடைவெளியில் பின்வரிசைக்காரன் ஒருவன் குரல் கொடுப்பான். அவனைப் பார்த்து இன்னொருவன். பிறகு மண்டபமே அவர்களுடையது. இடைவெளி விடாமல் பேசுகிறவனிடம் யாரும் வாலாட்ட முடியாது. இதயத்திலும் அப்படித்தான், பெட்டி இடைவெளி விடாது, ஆகவே தறுதலைத் துடிப்புகளுக்கு வாய்ப்புக் கிடைக்காது என்றேன். நானே மெச்சிக்கொள்ளும்படி அமைந்த விளக்கம் அது.

அப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஓயாம ஓடுமா?" என்றார்.

"ஓயாம ஓடும்ப்பா."

"பகலும் ராவுமா?"

"ஆமாங்கப்பா."

"ம்" என்றார்.

அந்த "ம்" என்னவென்று புரிய அவருடைய தொழிலைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் நீர் என்றால் ஆழ்துளைக் கிணறு; அதில் இறக்கிய மோட்டார்; மோட்டார் கொட்டகைச் சுவரில் பச்சை, சிவப்புப் பொத்தான்களோடு ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி. மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் போட வேண்டும். ஊற்று குறையும்போது நிறுத்தி, ஊற விட்டு, மீண்டும் போட வேண்டும். ஆசைப்பட்டு ஓயாமல் ஓடவிட்டால் தண்ணீர் இல்லாமல் சூடேறி உள்ளே இருக்கும் செப்புக்கம்பிச் சுற்று, காயில், கருகும். ஊரில் கருகாத மோட்டார் எங்களுடையது ஒன்றுதான். பைப்பில் விழும் நீரின் ஓசையை வைத்தே அப்பா எழுந்து நடப்பார். அவர் சிவப்புப் பொத்தானை அழுத்தவும் பைப்பில் காற்றுக் குமிழி வரவும் சரியாக இருக்கும். "கேப் உட்டு ஓட்டுனாத்தான் எதுவும் நெலைக்கும்" என்பார். நான் இடைவெளி விடாமல் பேசிப் பரிசு வாங்கினேன். அவர் இடைவெளி விட்டு ஓட்டிப் பெயர் வாங்கினார்.

அறுவையைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நான் அங்கே இல்லை. விழித்தபோது தொண்டைக்குள் குழாய் இருந்தது. செயற்கை மூச்சுக் கருவி என் மூச்சை நடத்திக்கொண்டிருந்தது. கைகள் கட்டிலோடு துணியால் தளர்வாகக் கட்டப்பட்டிருந்தன; மயக்கத்தில் குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்பதற்காக. குழாயை எடுத்த பிறகு, "பேரு சொல்லுங்க" என்றார்கள். வாயைத் திறந்தேன். காற்று வந்தது. "மாதேஷ்" வரவில்லை.

குழாய் உரசிக் குரல்நாண் வீங்கியிருக்கிறது, சில நாட்களில் சரியாகும் என்றார்கள். எல்லாவற்றுக்கும் அங்கே சில நாட்கள் என்றுதான் கணக்கு.

வார்டுக்கு மாற்றிய பிறகு என் உலகம் கட்டிலின் அளவுக்குச் சுருங்கியது. இருமினால் நெஞ்செலும்பு பிளப்பதுபோல் இருக்கும். இரண்டு கைகளாலும் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் இரும வேண்டும். நுரையீரல் விரிவதற்காக மூன்று பந்துகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னார்கள். பந்துகள் மேலே எழ வேண்டும். முதல் பந்து நடுவழிவரை எழுந்து விழுந்தது. மற்ற இரண்டும் என்னைப் பார்த்தபடி கீழேயே கிடந்தன.

அடுத்த கட்டிலில் காரிமங்கலத்து மாங்காய் மண்டிக்காரர் முனுசாமி படுத்திருந்தார். பைபாஸ் முடிந்து எனக்கு முன்பே தேறியவர். நான் பேச்சாளன் என்பதை அம்மா வழியாக அறிந்த பிறகு அவர் என்னைச் சீண்டாமல் விடவே இல்லை.

"என்ன பேச்சாளரே, காத்து மட்டும் வருது? ஒரு பந்துக்கே இப்படின்னா நாளைக்கு மைக்கு முன்னால எப்பிடி?" என்பார். நான் தலையணையை அணைத்துக்கொண்டு சிரிப்பேன். சிரிப்பதற்கும் அது தேவைப்பட்டது. "சிரிக்காத தம்பி, தையல் உட்டுப்போச்சுன்னா எம்மேல பழி வரும்" என்று அதற்கும் ஒன்று சொல்வார்.

அந்த நாட்களில் எனக்குத் துணையாக இருந்தது ஓர் ஓசை. செயற்கை வால்வு மூடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் கைக்கடிகாரம் போல டக் என்று கேட்கும். பெட்டி ஓட்டும் வேகத்தில், பிசகாமல், டக், டக், டக். கட்டில் கம்பியில் தொங்கிய பெட்டியில் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு சிறு விளக்கு மின்னும். விளக்கும் ஓசையும் ஒத்துப்போவதைப் பார்த்துக்கொண்டே இரவுகளைக் கடந்தேன். இருபத்திரண்டு வயதில் என் இதயத்தை ஓட்டிக்கொண்டிருந்தது ஒரு சதுர மின்கலம்.

வார்டின் செவிலியர் ரெஜினா சிஸ்டர் அந்த மின்கலத்தை மாற்றியபோது அப்பா பக்கத்தில் நின்றிருந்தார்.

"பேட்டரி சூடாவுமாங்க?"

"அதெல்லாம் ஆகாதுங்கய்யா. நீங்க மட்டும் கை வெச்சிடாதீங்க."

"இவ்வளோ வேகம் எதுக்குங்க? படுத்துக்கினுதானே இருக்கான்."

"டாக்டர் வெச்ச வேகம்ங்க. அவருக்குத் தானாவும் நல்லாத்தான் துடிக்குது. இது ஒரு பாதுகாப்புக்கு."

தானாகவும் நன்றாகத்தான் துடிக்கிறது. அந்த வாக்கியத்தை அப்பா தன்னோடு எடுத்துக்கொண்டு போய் ஒரு நாள் முழுதும் வைத்திருந்திருக்க வேண்டும்.

அறுவைக்குப் பின் மூன்றாம் நாள் பிற்பகல். அம்மா துணி துவைக்கப் போயிருந்தார். ரெஜினா சிஸ்டர் கோடிக் கட்டிலில் ஒருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். முனுசாமி உறங்கிவிட்டார். வலிமருந்தின் மயக்கத்தில் கிடந்த நான், நெஞ்சில் ஏதோ மாறியதை உணர்ந்து கண்ணைத் திறந்தேன். டக் ஓசை மெதுவாகியிருந்தது. அப்பா பெட்டியின் மேல் குனிந்திருந்தார். அவருடைய விரல் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகின் மேல் இருந்தது. முகத்தில் எந்தத் திருட்டுத்தனமும் இல்லை. சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு வரும்போது இருக்கும் அதே நிதானம்தான் இருந்தது.

நான் பார்ப்பதைக் கண்டு, "மூணு நாளா ஓயாம ஓடுது. சித்த நேரம் ஆறட்டும் கண்ணு. அப்புறம் ஏத்தி வுட்டுடறேன்" என்றார்.

கூடாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்று வந்தது. கையை உயர்த்திப் பெட்டியை நோக்கி நீட்டினேன். அப்பா என் கை நீண்ட திசையைப் பார்த்தார். பெட்டிக்குப் பின்னால் சிறு மேசையில் தண்ணீர்க் குவளை இருந்தது. "தாகமா?" என்று கேட்டு, குவளையை எடுத்து, என் தலையை ஒரு கையால் தாங்கி, மறு கையால் ஒரு கரண்டி நீரைப் புகட்டினார். நான் தலையை அசைத்தேன். "போதுமா? இன்னும் ஒரு வாய் குடி" என்று இரண்டாம் கரண்டியையும் கொடுத்தார். ஆயிரம் பேரை அடக்கிய தொண்டையில் அந்த நீர் இறங்கியது. அதை மறித்து ஒரு சொல்லைக்கூட மேலே அனுப்ப என்னால் முடியவில்லை.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. முதலில் ஒரு டக் முந்திக்கொண்டு வந்தது. பிறகு ஒரு நீண்ட மௌனம். பிறகு டக்டக், டக், டக்டக்டக் என்று ஓசை சிதறியது. மண்டபத்தின் பின்வரிசை எழுந்துவிட்டது. கழுத்து நரம்பில் ஏதோ பறவை அடித்துக்கொள்வதுபோல் இருந்தது. கண்ணோரம் இருண்டது. தலைமாட்டுத் திரை அலறியது.

ரெஜினா சிஸ்டர் ஓடிவந்தார். திரையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"இத யாரு தொட்டது?"

"நாந்தாம்மா" என்றார் அப்பா. குவளை இன்னும் அவர் கையில் இருந்தது. "ஓயாம ஓடுனா காயில் போயிடுமேன்னு சித்த நேரம்..."

"அய்யோ, கை வைக்காதீங்கன்னு சொன்னேனே! இது என்ன கெணத்து மோட்டாரா? வெளிய போங்க, மொதல்ல வெளிய போங்க!"

அப்பா குவளையை மேசையில் வைத்தார். சத்தம் வராமல், விளிம்பைப் பார்த்து, மெதுவாக வைத்தார். பிறகு வெளியே போனார்.

டாக்டரம்மா வந்தார். நெஞ்சில் ஒட்டுகளை ஒட்டித் துடிப்பை வரைபடமாக எடுத்தார்கள். மேலறை நடுக்கம்தான். அது வந்துவிட்ட பிறகு பெட்டியின் வேகத்தைக் கூட்டி அடக்க முடியாது. கூச்சல் எழுந்த மண்டபத்தில் பேச்சாளன் உரக்கப் பேசி ஆகப்போவது என்ன? துடிப்பை நிதானப்படுத்தும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றினார்கள். இரத்தத்தில் குறைந்திருந்த உப்புச் சத்துகளை நிரப்பினார்கள். அதற்கும் அடங்காவிட்டால் மயக்கம் கொடுத்து மின் அதிர்ச்சி என்றார்கள்.

துணியோடு திரும்பி வந்து நின்ற அம்மா, "அடங்கலன்னா என்னாவுங்க?" என்று கேட்டார்.

"நடுங்குற அறையில ரத்தம் தேங்கும்மா. தேங்குனா உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போச்சுன்னா கை கால் விழும், பேச்சு போகும். அதுக்குத்தான் ரத்தம் உறையாம மருந்து குடுக்கறோம். பயப்படாதீங்க."

பேச்சு போகும். அவர் அதைப் பட்டியலில் ஒன்றாகத்தான் சொன்னார். நான் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டேன். அன்று மாலைமுதல் மறுநாள் காலைவரை, என் நெஞ்சுக்குள் சிதறிக் கேட்ட ஓசையை எண்ணமுடியாமல் கேட்டபடி, எனக்குத் தெரிந்த நீண்ட வாக்கியங்களை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு சொல்லும் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. அடுத்த நிமிடமும் இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. யாரிடமும் வாதாட முடியாத இரவு அது. எதிரணி என் உடலுக்குள்ளேயே இருந்தது; அதற்குக் காது இல்லை.

மறுநாள் காலை, அம்மா ஈரத்துணியால் என் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, சிதறல் தானாக நின்றது. ஒரு மௌனம். பிறகு டக். டக். டக். அம்மா துடைப்பதை நிறுத்தினார். அவருக்கும் அது கேட்டிருந்தது. திரையைப் பார்த்த ரெஜினா சிஸ்டர் முந்தைய வேகத்தில் பெட்டியை மீண்டும் வைத்தார். அதன் திருகின் மேல் ஓர் ஒட்டுப்பட்டையை ஒட்டினார்.

அப்பா உள்ளே வரவில்லை. பார்வை நேரத்திலும் வரவில்லை. காத்திருப்புக் கூடத்தில், வார்டுக் கதவு தெரியாத ஒரு நாற்காலியில் அமர்ந்திருப்பதாக அம்மா சொன்னார். இட்லி வாங்கிக் கதவுவரை கொண்டுவந்து, அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவாராம். கூப்பிட்டால், "நான் வந்தா எதையாச்சும் தொட்டுடுவேன்" என்பாராம்.

டாக்டரம்மாவிடம் நான் காகிதத்தில் எழுதிக் கேட்டேன்: அப்பா குறைத்ததால்தான் வந்ததா?

"அப்பிடிச் சொல்ல முடியாது. உங்க மேல் அறை இருந்த நெலைக்கு, பெட்டி ஓடிக்கிட்டு இருந்தாலும் வந்திருக்கலாம். அவர் குறைக்காம இருந்திருந்தா வராமலும் இருந்திருக்கலாம். அவர் பண்ணது தப்புதான். ஆனா அதனாலதான்னு என்னால சொல்ல முடியாது" என்றார்.

போதும் என்று நினைத்தேன். இதைவிட நல்ல சான்று ஒரு வழக்குரைக்கு வேண்டுமா? கரகரப்பாகச் சில சொற்கள் எழும்பத் தொடங்கியிருந்தன. அம்மாவை அருகில் அழைத்து, கிசுகிசுப்பில், முன்னுரை, மறுப்பு, முடிவு என்று அடுக்கி அப்பாவின் சார்பில் நான் ஆற்றிய உரையே என் வாழ்வில் மிகக் கவனமாகக் கட்டிய உரை. அம்மா கூடத்துக்குப் போய்த் திரும்பினார்.

"சொன்னியாம்மா?"

"சொன்னேன். நீ என்னமோ பெருசா சொன்ன, எனக்கு அவ்வளவும் வரல. வந்தவரைக்கும் சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"'சரி'ன்னாரு."

"அவ்வளோதானா?"

"அவ்வளோதான். அவருக்கு எங்க ஏறுது? நீ செயிச்ச கப்பையெல்லாம் தொடச்சு வெக்கிற மனுசன், நீ சொல்றத மட்டும் நம்பமாட்டேங்குறாரு."

முனுசாமி தம் கட்டிலிலிருந்து, "ஏம்மா, அந்தாள இங்க அனுப்பு. நான் கேக்கறேன். எம்பொண்டாட்டி என் பத்தியச் சோத்துல தெனமும் ஊறுகா வெக்கிறா. அவள எந்த வார்டுக்கு வெளிய ஒக்கார வெக்கிறது?" என்றார். நான் தலையணையைத் தேடினேன். அப்பா மட்டும் வரவில்லை.

கம்பிகளை உருவும் நாளில் ரெஜினா சிஸ்டரே கூடத்துக்குப் போய் அவரை அழைத்துவந்தார். "வாங்கய்யா, இன்னிக்கு உங்க எதிரிய கழட்டறோம், வந்து பாருங்க" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. திட்டியவரே அழைத்ததால் மறுக்க முடியாமல் வந்திருப்பார். கட்டிலிலிருந்து தள்ளி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

பெட்டியை அணைத்தார்கள். விளக்கு மின்னுவது நின்றது. நெஞ்சுக்குள் டக் ஓசை நிற்கவில்லை. சிறிது மெதுவாக, தன் சொந்த நடையில், தொடர்ந்தது. டாக்டரம்மா கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்தார். உள்ளே ஏதோ ஒரு புழு நெளிந்து வெளியேறுவதுபோன்ற கூச்சம். வலி என்று சொல்லும் அளவுக்கு இல்லை. அப்பா பெட்டியைப் பார்க்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. டாக்டரம்மாவைப் பார்த்தார்.

"என்னாலதானுங்களே?"

டாக்டரம்மா அன்று களைத்திருந்தார். என்னிடம் சொன்ன நீண்ட விடையை அவரிடம் சொல்லவில்லை. "தெரியலைங்கய்யா" என்றார்.

அப்பா தலையசைத்தார். என் உரை முழுவதையும் "சரி" என்று ஒதுக்கியவர், அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் வாங்கிக்கொண்டார்.

வீடு திரும்பி வாரங்கள் ஆகின்றன. இரத்தம் உறையாமல் இருக்க நாள்தோறும் மாத்திரை. அளவு சரியா என்று அறிய அவ்வப்போது இரத்தச் சோதனை. அது வாழ்நாள் முழுக்க. கடைசியாக எடுத்த வரைபடத்தில் துடிப்பு ஒழுங்காக இருந்தது. நடுக்கம் இனி வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வந்தால் உடனே வாருங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். மூன்று பந்துகளில் இரண்டு எழுகின்றன.

நேற்று மும்முனை மின்சாரம் வந்ததும் அம்மாதான் போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்தினார். நான் வந்த நாள்முதல் அப்படித்தான் நடக்கிறது. அப்பா கொட்டகைக்கு வெளியே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மோட்டார் ஓடியது, பைப்பில் நீர் பருமனாக விழுந்தது. அம்மா பாத்தியில் மடை மாற்றப் போனார். நானும் அப்பாவும் நின்றோம். இருவருக்கும் நடுவில் என் நெஞ்சின் டக் ஓசை, நீரோசைக்கு அடியில், எனக்கு மட்டும் கேட்டது.

நான் மீண்டும் தொடங்கினேன். குரல் இப்போது கேட்கும் அளவுக்கு இருக்கிறது. "அப்பா, அது தானாவும் வந்திருக்கலாம்னு டாக்டரே..."

"சரி கண்ணு" என்றார்.

நீரின் ஓசை மாறியதுபோல் எனக்குத் தோன்றியது. மாறியதா, இல்லையா என்று எனக்கு உறுதியில்லை. அந்த ஓசையைப் படிக்க நான் கற்றுக்கொண்டதே இல்லை. அப்பா பொத்தானை நோக்கி நடக்கும் நேரம் இதுவாக இருக்க வேண்டும். அவர் நடக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நிறுத்தலாமா கண்ணு?" என்று கேட்டார்.

வேண்டுமென்றே என்னைச் சோதிக்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. டாக்டரம்மாவிடம் கேட்ட அதே முகம். என் வாயிலிருந்து வரும் விடைக்காக உண்மையாகவே காத்திருந்தார். பைப்பில் நீர் மெலிந்து, ஒரு முறை இருமி, மீண்டும் விழுந்தது. அவர் கைகள் பின்னாலேயே இருந்தன.

நான் கொட்டகைக்குள் போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். மோட்டார் நின்றது. வெளியே வந்து, "சரியான நேரம்தானாப்பா?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும் கண்ணு" என்றார்.